நடு வகிடு அகலமாகிட்டே போகுது: சில்க், மோனோ, லேஸ் - எந்த டாப்பர் (உச்சியை மட்டும் மூடுற முடித் துண்டு) எடுக்கலாம்?

ஜவுளிக்கடைக்காரி (திருநெல்வேலி)

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா வாசிச்சிட்டு மட்டும் போய்ட்டிருந்தேன். இன்னைக்கு நானே கேக்க வேண்டியதாப் போச்சு.

எனக்கு 44 வயசு. ஜவுளிக்கடையில பட்டுப் பிரிவுல நிக்கேன். நிக்கேன்னு சொல்றது பேச்சுக்குத்தான். முக்கால்வாசி நேரம் மெத்தையில உக்காந்து குனிஞ்சு சேலையை விரிச்சுப் போடுறதுதான் வேலை. வாங்க வர்றவங்க எதிர்ல நாற்காலியில இருப்பாங்க. நான் குனிஞ்சா அவங்க கண்ணுக்கு நேரா என் உச்சந்தலை. மேல வரிசையா வெள்ளை லைட்டு. ஜரிகை பளிச்சுனு தெரியணும்னு மாட்டின லைட்டு என் மண்டையையும் அதே மாதிரி பளிச்சுனு காட்டுது. போன ஆவணி முகூர்த்தத்துல ஒரு சின்னப் பிள்ளை, அஞ்சு வயசு இருக்கும், "அம்மா, இந்த அக்காவுக்கு இங்க முடியே இல்ல"ன்னு விரலை நீட்டிக் காட்டிருச்சு. அந்தம்மா பதறிப்போய், வேண்டாம்னு ஒதுக்கி வச்ச சேலையையும் சேத்து வாங்கிட்டுப் போனாங்க. (கமிஷன் வந்துச்சு, அது வேற கதை.)

நெத்தி ஓரத்துல முடி இருக்கு. பின்னால சடை இப்பவும் கட்டைவிரல் தண்டி வரும். நடுவுல மட்டும்தான் போயிருக்கு. இஞ்ச் டேப்புக்கு எங்க கடையில பஞ்சமா, அளந்தே பாத்துட்டேன். அகலம் ரெண்டரை இஞ்ச், நெத்தியில இருந்து பின்னால நாலு இஞ்ச். தோல் டாக்டர்கிட்ட போயாச்சு. பரம்பரைன்னு சொல்லி, தலையில தடவுற மினாக்சிடில் மருந்து கொடுத்தார். எட்டு மாசமாப் போடுறேன். கொட்டுறது குறைஞ்சிருக்கு, ஆனா அந்த இடம் மூடல.

முதல்ல ஆன்லைன்ல 650 ரூபாய்க்கு ஒரு சிந்தெடிக் கிளிப் முடி வாங்கினேன். கடை லைட்டுல அது நைலான் கயிறு மாதிரி மின்னுச்சு. ஒரு நாள் அதோடயே அடுப்புக்கிட்ட நின்னு தாளிச்சேன், முன்னால தொங்கினது சூட்டுல பொசுங்கிச் சுருண்டு போச்சு. சரி, நல்ல முடியாவே வாங்குவோம்னு வெளியூர்ல ஒரு கடைக்குப் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். அங்க இருந்த பையன் என் தலையை ரெண்டு நிமிஷம்கூடப் பாக்கல. "மேடம், உங்களுக்கு பேட்ச் ஒட்டிரலாம். மேல இருக்கிற முடியை எடுத்துட்டா நல்லா உக்காரும்"னான். எடுத்துட்டுன்னா என்னன்னு கேட்டேன். "ஷேவ்தான் மேடம்." கையில டிரிம்மர் ரெடியா வச்சிருக்கான்! 22,000 ரூபாய், அதுபோக மாசா மாசம் சர்வீஸுக்கு 1,200. வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வாரேன்னு எந்திரிச்சு வந்துட்டேன். அவர் இருக்கிறது துபாய்ல. இதையெல்லாம் அவர்கிட்ட நான் கேக்கப்போறதும் இல்ல.

இப்ப கிளிப் மாட்டுற டாப்பர்னு தேடினா சில்க்ங்கிறாங்க, மோனோங்கிறாங்க, லேஸ்ங்கிறாங்க, வெஃப்ட்ங்கிறாங்க. சேலையில இதுல பாதிப் பேரு எனக்குத் தெரியும், தலையில போட்டா எது எப்படின்னுதான் தெரியல. சீட்டு எடுத்த பணம் 15,000 இருக்கு. வகிட்டுல குங்குமம் வைக்கணும். கடை வழக்கப்படி சடை போட்டுப் பூ வைக்கணும். ஸ்கூட்டியில ஹெல்மெட் உண்டு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும். பத்து மணி நேரம் தலையில இருக்கணும். போட்டுப் பழகினவங்க சொல்லுங்க. விக்கிறவங்க தயவுசெஞ்சு வேண்டாம்.

---

ஹெல்மெட் தலையன் (கோவை)

அக்கா, நான் அந்த ஒட்டுற பேட்ச் கோஷ்டி, நாலு வருஷமா. எனக்கு 8க்கு 6 இஞ்ச். உச்சி சுத்தமாக் காலி, அதனால ஷேவ் பண்றதுக்கே ஒண்ணும் இருக்கல. முதல்ல கிளிப்தான் போட்டேன். ஓரத்துல குட்டை முடிங்க்கா. கிளிப் அதைப் பிடிச்சு இழுத்து, காதுக்கு மேல ரெண்டு பக்கமும் காசு அளவு வழுக்கை விழுந்துச்சு. அப்புறம்தான் டேப்புக்கு மாறினேன்.

ஒட்டுனா என்ன வசதின்னா, தூங்கலாம், குளிக்கலாம், காத்துக்குப் பயப்பட வேண்டாம். தொல்லை என்னன்னா, மூணு வாரத்துக்கு ஒரு தடவை பிரிச்சு, பழைய பசையைத் துடைச்சு, மறுபடி ஒட்டணும். வெயில் காலத்துல ரெண்டு வாரம்கூடத் தாங்காது, வேர்வையில நெத்தி ஓரம் தூக்கிக்கும். பத்தாம் நாளு அடியில அரிக்க ஆரம்பிக்கும், சொறியவும் முடியாது. பென்சிலை வச்சு மேலயே தட்டிக்குவேன். மீட்டிங்ல இருக்கறப்ப அதுவும் முடியாது. மெல்லிசு ஸ்கின் பேஸ் (தோல் மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் அடித்தளம்) வாங்கினா ஆறு மாசத்துலயே முடி உதிர்ந்து வேற வாங்கணும்.

உங்களுக்குத்தான் முடி இருக்குதே. அதை எதுக்கு வழிக்கணும்? நாலு வருஷமா ஒட்டுற ஆள் நான், சொல்றேன், வேண்டாம்க்கா.

---

தேனி நர்ஸ்

டாக்டரைப் பார்த்துவிட்டேன் என்கிறீர்கள், நல்லது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பது), தைராய்டு மூன்றும் பார்த்தார்களா? பரம்பரை மெலிவோடு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்துகொள்வது நம் பெண்களிடம் சாதாரணம். டெங்கு மாதிரி பெரிய காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை இதற்கெல்லாம் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு வகை. அது பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும், அதற்குப் போய் 15,000 செலவழிக்க வேண்டாம். நீங்கள் சொல்வது அப்படித் தெரியவில்லை. மினாக்சிடிலை டாப்பர் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ராத்திரி கழற்றிய பிறகு போடுங்கள். ஈரத் தலையில் டாப்பரை மாட்டாதீர்கள்.

---

மலைக்கோட்டை அத்தை (திருச்சி)

ஜவுளிக்கடைத் தங்கச்சிக்கு,

அந்தக் கடையில இருந்து எழுந்து வந்தியே, அதுக்கே உனக்கு ஒரு கும்பிடு. உனக்கு முடி மெலிஞ்சிருக்கு, போயிடல. கோவைத் தம்பிக்குக் கிளிப் பிடிக்க முடி இல்லை, அதனால ஒட்டுறார். உன் தலையில சுத்திவர முடி இருக்கு. உனக்கு ஒட்டுற சமாச்சாரமே வேண்டாம்.

எனக்கு வயசு 63. தொலைபேசி அலுவலகத்துல ஆபரேட்டரா இருந்து ஓய்வு பெற்றவ. ஹெட்செட் பட்டை உட்கார்ந்த தடத்துலயேதான் முடி போச்சுன்னு நான் இன்னும் சொல்லிட்டிருக்கேன், டாக்டர் ஒத்துக்கலை. டாப்பர் போட ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆச்சு. மூணு மாத்தியாச்சு: முதல்ல சில்க், அப்புறம் லேஸ், இப்ப மோனோ.

சில்க்கை முதல் தடவை மாட்டிக் கண்ணாடி பார்த்தப்ப அழுதுட்டேன். முடியைக் கட்டின முடிச்சு எல்லாம் பட்டுத் துணிக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். மேலே இருந்து பார்த்தா தோல்லயே முளைச்ச மாதிரி இருக்கும். அழகுன்னா அது அழகு. ஆனா ரெண்டு மூணு அடுக்குத் துணி. அது சித்திரை வெயில்ல எப்படி இருக்கும்னு திருச்சிக்காரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டுல பார்த்தா உச்சியில ஒரு சின்ன மேடு வேற. ஒரு நாள் பழக்க தோஷத்துல அந்த வகிட்டுலயே குங்குமம் வச்சுட்டேன். பட்டு குடிச்சிருச்சு. அலசினா ரோஸ் கலர்ல பரவுது. அதோட அந்த டாப்பர் பீரோவுக்குப் போயிடுச்சு.

லேஸ் நேர் எதிர். தலையில ஒண்ணு இருக்கிறதே தெரியாது, காத்துப் போகும். அஞ்சாம் மாசம் என் மோதிரத்துல மாட்டி ஒரு கிழி. தைச்சேன், தையல் பக்கத்துல இன்னொரு கிழி. கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கறவங்களுக்கு லேஸ் சரி. தினம் பத்து மணி நேரம், ஹெல்மெட்டு, அவசரத்துல கழட்டி மாட்டறதுன்னு இருக்கிற உனக்கு ஆகாது.

மோனோ மெல்லிசு நைலான் வலை. மாவு சலிக்கிற சல்லடைத் துணி இருக்கும்ல, அதைவிட நைசா. ஒவ்வொரு முடியாக் கையால முடிஞ்சிருப்பாங்க. முடிச்சு கிட்டக்கப் பார்த்தா கறுப்புப் புள்ளியாத் தெரியும். நம்ம நிறத் தலையில அது மயிர்க்கால் மாதிரிதான் இருக்கும். அந்தப் புள்ளியை மறைக்கணும்னு முடிச்சை பிளீச் பண்ணித் தர்றேன்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதே. பிளீச் பட்ட முடிச்சு சீக்கிரம் விட்டுப்போகும். முதல் வாரம் கொஞ்சம் உறுத்தும், அப்புறம் பழகிடும். வெஃப்ட்னு விக்கிறது வெறும் பட்டை பட்டையா இடைவெளி விட்டுத் தைச்சது. விலை குறைவு, காத்தோட்டம். ஆனா மேலே லைட் அடிக்கிற இடத்துல பட்டையும் தெரியும், இடைவெளியும் தெரியும். கொண்டை கொஞ்சம் பெரிசாத் தெரியணும்கிறவங்களுக்கு அது.

ஆக மோனோ. ஆனா நீ முதல்ல கேட்டிருக்க வேண்டியது இது இல்லை, அளவு. எந்த வலையா இருந்தாலும் கிளிப் எங்கே கடிக்குதுங்கறதுலதான் எல்லாம் இருக்கு. உனக்கு மெலிஞ்ச இடம் ரெண்டரைக்கு நாலு. அதே அளவுல 3க்கு 4 வாங்கினேன்னு வை, நாலு கிளிப்பும் அந்த நோஞ்சான் முடியிலயே போய் உட்காரும். ஆறு மாசத்துல அதையும் இழுத்து எடுத்துடும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச், பின்னாலே ஒண்ணரை இஞ்சுக்குக் குறையாம நல்ல முடி மேல ஏறி நிக்கணும். 5க்கு 6 மாதிரி ஏதாவது. 7க்கு 8 எல்லாம் வேண்டாம். நல்லா இருக்கிற முடியையும் மூடி, தலையில அடுப்பு வச்ச மாதிரி இருக்கும்.

பேப்பர் வெட்டிப் பாரு. நியூஸ் பேப்பர்ல 5க்கு 6 வெட்டி, நெத்தி முடி ஓரத்துல இருந்து அரை இஞ்ச் பின்னால தள்ளி வச்சு, நாலு மூலையிலயும் சாதா டிக் டாக் கிளிப் மாட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா வீட்டுல நட. எந்தக் கிளிப் வலிக்குதோ அந்த மூலை தப்பான இடத்துல இருக்குன்னு அர்த்தம். என் பேரன் என்னை அன்னைக்குப் பட்டம்னு கூப்பிட்டான். பரவாயில்லை.

அந்த அரை இஞ்ச் முன்னாடி விடச் சொன்னேனே, அதுலதான் உன் குங்குமம். அங்கே உன் சொந்த வகிடு, சொந்தத் தோல். டாப்பர் வகிடு அதோட நேராச் சேரணும், அவ்வளவுதான். அடிவலை பெரும்பாலும் வெள்ளைக்காரங்க தோல் நிறத்துல வரும். நம்ம தலையில வெள்ளைக் கோடு கிழிச்ச மாதிரி இருக்கும். லேஸ் வலையா இருந்தா டீ டிகாஷன்ல முக்கி எடுப்பேன். மோனோவுக்கு உன் நிறத்தைவிட ஒரு படி கறுத்த காம்பேக்ட் பவுடரை வகிட்டுல ஒத்திக்கோ, போதும்.

முடி விஷயம். எங்க பாட்டிக்குச் சவுரி இருந்துச்சு. சீப்புல வர்ற முடியைச் சுருட்டி மாடக்குழியில செருகி வச்சு, வருஷக்கணக்காச் சேர்த்துக் கட்டினது. அவளோட சொந்த முடி. அதையே தெருவுல சிக்குமுடிக்காரன் வந்தா ஊசிக்கும் பின்னுக்கும் போட்டுடுவாங்க. அந்தச் சிக்குமுடிதான் இன்னைக்கும் விலை குறைஞ்ச டாப்பருக்குள்ளே போகுது. வேர் எது நுனி எதுன்னு தெரியாமக் கலந்திருக்கும், அதனால மேல் செதிலை ஆசிட்டுல கரைச்சுச் சிலிக்கான் பூசி மின்ன வைப்பாங்க. நாலு தடவை அலசினா பூச்சு போயி சடைசடையாச் சிக்கும். திருப்பதி, பழனியில காணிக்கை கொடுக்கிற முடி, கட்டாக் கட்டி எடுத்தா வேர் ஒரு பக்கமா நிக்கும். ரெமின்னு சொல்றது இப்படி வேரும் நுனியும் மாறாத முடியைத்தான். கடையில ரெண்டு இழையை விரல் நடுவுல வச்சு வேர்ல இருந்து நுனிக்கு உருவு, வழுக்கும். நுனியில இருந்து வேருக்கு உருவு, லேசாப் பிடிக்கும். ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழுக்கினா வாங்காதே. பட்டை உரசிப் பார்க்கிறவளுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டாம்.

நீளம் 14 இஞ்ச் போதும். நீளம் கூடக் கூட விலை ஏறும், கனமும் ஏறும். 14 இஞ்ச் உன் சடையோட சேர்ந்து பாதி வரைக்கும் பின்னிக்கும். அடர்த்தி 120 சதவீதத்துக்கு மேலே கேக்காதே. நாப்பத்தி நாலு வயசுல உச்சி மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்தா அதுதான் காட்டிக்கொடுக்கும். பூவை உன் சடையில குத்து, டாப்பர்ல குத்தாதே. டாப்பருக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. எண்ணெய்க் குளியலை வியாழன் ராத்திரிக்கோ, லீவு நாளுக்கோ மாத்திக்கோ. ஹெல்மெட் போடறப்ப டாப்பரை டப்பாவுல வச்சுக் கொண்டுபோயிக் கடையில மாட்டிக்கோ. கிளிப் மேல ஹெல்மெட் அழுத்தினா மண்டை விண்ணுனு தெறிக்கும்.

பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை பச்சைத் தண்ணியில ஷாம்பு கரைச்சு முக்கி எடு, கசக்காதே. கண்டிஷனர் நுனிக்கு மட்டும், முடிச்சுல பட்டா முடிச்சு நழுவும். நான் கவுத்த செம்பு மேல போட்டு நிழல்ல காய வைப்பேன். என் மருமகள் ராத்திரி இருட்டுல அதைப் பார்த்துக் கத்தினது தெரு முழுக்கக் கேட்டுச்சு.

நான் ரெண்டு வருஷம் முன்னே கொடுத்தது 16,500. அளந்து, போட்டுப் பார்த்து, வாசலுக்கு வந்து வெயில்ல கண்ணாடி பார்த்துட்டுத்தான் காசு கொடுக்கணும். முடியைப் பொதுவாத் திருப்பி எடுக்க மாட்டாங்க.

---

ஜவுளிக்கடைக்காரி

அத்தை, ரெண்டு தடவை வாசிச்சேன். பேப்பர் வச்சுப் பாத்துட்டேன். இடது பக்கம் முன் மூலை வலிச்சுது, கால் இஞ்ச் பின்னால தள்ளினேன், சரியாயிருச்சு. நர்ஸம்மா, ஃபெரிட்டின் பாக்கலை, நாளைக்கே கொடுக்கேன். தம்பி, பென்சில் வச்சுத் தட்டுறதைப் படிச்சுச் சிரிச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

---

ஜவுளிக்கடைக்காரி (ஆறு வாரம் கழிச்சு)

வாங்கிட்டேன். மோனோ, 5க்கு 6, 14 இஞ்ச், 14,800. கடைக்காரர் சில்க்கைத்தான் முதல்ல எடுத்துப் போட்டார். நான் பாட்டுக்கு முடியை விரல்ல உருவிப் பாக்கவும், "நீங்க இந்த லைனா?"ன்னு கேட்டார். ஜவுளின்னேன்.

ஃபெரிட்டின் 11. மாத்திரை ஓடுது.

கடையில முதல் நாள் கை காலெல்லாம் நடுங்குது. சாப்பாட்டு ரூம் கண்ணாடியில மாட்டிட்டு மெத்தைக்கு வந்தேன். முதல் பார்ட்டி பெங்களூர்ல இருந்து வந்த ஒரு குடும்பம், நிச்சயத்துக்கு. நாப்பது சேலை விரிச்சிருப்பேன். ஒவ்வொரு தடவை குனியும்போதும் அந்தப் பாட்டியம்மா எங்க பாக்காங்கன்னு ஓரக்கண்ணால பாத்துட்டே இருந்தேன். அவங்க பாத்தது பூரா முந்தானையைத்தான். மத்தியானம் கூட வேலை பாக்குறவ வந்து, "எண்ணெயை மாத்திட்டியா? என்ன எண்ணெய்?"னா. வாயில வந்த பேரைச் சொல்லிட்டேன். அவ போய் வாங்கியும் வந்துட்டா. இனி அவகிட்ட என்ன சொல்லன்னு தெரியல.

ஒரே ஒரு குறை அத்தை. சாயந்திரம் நாலு அஞ்சு மணிக்கு மேல, குனிஞ்சு குனிஞ்சு பின் கிளிப் லேசா நழுவி வருது. முன் கிளிப் அசையல. இறுக்கி மாட்டினா வலிக்குது. என்ன செய்ய?

---

மலைக்கோட்டை அத்தை

இறுக்காதே. பின் கிளிப் உட்காரற இடத்துல கொஞ்சூண்டு முடி எடுத்து, சுண்டுவிரல்ல பாதி தண்டிக்கு மூணு பிரிச் சின்னப் பின்னல் போடு, ஒரு இஞ்ச் வந்தாப் போதும். அந்தப் பின்னலைக் குறுக்கே கிடத்திக் கறுப்பு ஊசியால ஒண்ணு குத்திட்டு, அது மேல கிளிப்பை மாட்டு. வழுவழு முடியில நிக்காத கிளிப் பின்னல்ல நிக்கும். தினம் அதே இடத்துல போடாம ஒரு நாள் கொஞ்சம் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம் மாத்திக்கோ.

கூட வேலை பார்க்கிறவ வாங்கின எண்ணெய் என்ன விலைன்னு கேளு. அதிகமா இருந்தா பாதியை நீ கொடுத்துடு.